லோஹேகாவில் கத்தி தீட்டப் பழகும் குமாஸ்தா

திங்கட்கிழமை மாலை ஆறரை மணி. லோஹேகாவ் விமானப் படைத் தளத்திலிருந்து கிளம்பிய போர் விமானம் ஒன்று, தகரக் கூரை அதிரும்படி தலைக்கு மேல் போகிறது. சத்தம் அடங்கும் வரை பேசிப் பயனில்லை என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆகவே பேச்சு நிற்கிறது. கல்லின் மேல் போய் வரும் கை மட்டும் நிற்கவில்லை.

கடைக்கு இன்று விடுமுறை. ஷட்டர் பாதி இறக்கி விடப்பட்டிருக்கிறது. உள்ளே இரண்டே பேர். ஒருவர் கடைக்காரர், எழுபதைத் தாண்டியவர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே சலூன் நடத்துகிறவர். மற்றவர் விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் குமாஸ்தா, முப்பதை நெருங்குகிறவர். தம் பெயரோ சொந்த ஊரோ பத்திரிகையில் வர வேண்டாம் என்பது இருவரின் விருப்பம். குமாஸ்தாவின் கையில் இருப்பது மடக்கும் சவரக் கத்தி. பிளேடு மாற்றும் இக்காலத்துக் கத்தியல்ல. தீட்டித் தீட்டி உபயோகிக்கும் பழைய கத்தி. மராத்தியர் இதை ‘வஸ்தரா’ என்பர்.

லோஹேகாவ் என்றால் சட்டென விளங்காத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பூனா என்று நம்மவர் பழைய பழக்கத்தில் இன்றும் சொல்லும் புனே நகரின் விமானம் இறங்குகிற இடம் இது. 1939-இல் பம்பாய்க்குக் காவலாக ஆங்கிலேயர் இங்கே விமானத் தளம் அமைத்தனர். அதற்கு வெகு காலம் முன்பே மராத்தியருக்கு இது புண்ணிய பூமி. துகாராம் மகராஜின் தாயார் பிறந்த ஊர் என்று வார்க்கரி பக்தர்கள் போற்றுவர். ‘லோஹ’ என்றால் இரும்பு. ஊர்ப் பெயருக்கு அதுதான் காரணமா என்பது வேறு விஷயம். இரும்பில் பாடம் படிக்கப் பொருத்தமான ஊர் என்று வைத்துக் கொள்ளலாம்.

அடைப்பத்தில் வந்த கத்தி

குமாஸ்தாவின் தந்தை கிராமத்தில் சவரத் தொழிலாளி. கத்தி, கல், தோல், கிண்ணம், கத்தரிக்கோல் எல்லாம் அடங்கிய அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விடியுமுன் வீடு வீடாகப் போவார். திண்ணைக்கு மேல் ஏறியதில்லை. கூலி பணமாக வராது. அறுவடையின்போது களத்தில் அளக்கும் நெல்தான். ஊரில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் அவர் இல்லாமல் நடக்காது. ஆனால் பந்தியில் அவருக்கு இலை கடைசியில்தான்.

மகனைக் கத்தியைத் தொடவே விடவில்லை அவர். ஒரு நாள் பையன் விளையாட்டாக அடைப்பத்தைத் திறந்தபோது, வாழ்நாளில் முதலும் கடைசியுமாக அவனை அடித்தார். “ஒங்கையில பேனாதாம்லே இருக்கணும்” என்றாராம். பையன் படித்தான். பட்டணத்துக்கு வந்தான். வேலை கிடைத்தது. உடன் வேலை செய்வோர் “அப்பா என்ன செய்கிறார்?” என்று கேட்டால், “விவசாயம்” என்று சொல்லப் பழகிக் கொண்டான். களத்து நெல் வீட்டுக்கு வந்ததால் அது முழுப் பொய்யும் அல்ல என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக் கொண்டதுண்டு என்கிறார் இப்போது.

சென்ற புரட்டாசியில் தந்தை காலமானார். காரியம் முடிந்து கிளம்பும்போது தாயார் அடைப்பத்தை எடுத்து மகன் பெட்டியில் வைத்து விட்டார். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. புனேயில் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஆனி மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் திறந்து பார்த்தால், கத்தியின் மேல் பொடிப் பொடியாகத் துரு.

மறுநாளே அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தார். “இதைச் சாணை பிடித்துத் தர முடியுமா?” என்றார். பெரியவர் கத்தியைத் திருப்பிப் பார்த்தார். பிடியருகே தேய்ந்துபோன எழுத்துகளில் இங்கிலாந்தின் செப்பீல்டு நகரின் பெயர் பாதி தெரிந்தது. “ஸார், இது யாரு கத்தி?” என்றார்.

தெரிந்தவர் ஒருவருடையது என்று சொல்லவே குமாஸ்தா வாயெடுத்தார். வந்த சொல் வேறு. “எங்க அப்பாவுது.”

பெரியவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நான் தீட்டித் தர மாட்டேன். திங்கக்கிழமை கடை லீவு. வாங்க, நீங்களே தீட்டுங்க” என்றார்.

முதுகுதான் கணக்கு

சவரக் கத்தியைத் தீட்டுவது அரிவாள் தீட்டுவது போல அன்று. அரிவாளைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அந்தச் சாய்வு கைப்பழக்கத்தில் வருவது. சவரக் கத்தியில் சாய்வைக் கத்தியே வைத்துக் கொண்டிருக்கிறது. அதன் தடித்த முதுகும் மெல்லிய வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படியும்படி தட்டையாக வைத்தால் போதும். நடுத்தரக் கத்தியின் அகலம் சுமார் 16 மில்லி மீட்டர், முதுகின் கனம் நாலரை மில்லி மீட்டர் என்றால், இரு பக்கமும் சேர்ந்து வாயில் அமையும் கோணம் ஏறக்குறைய 16 டிகிரி. கல்லில் முதுகும் தேய்வதால் ஆண்டுகள் போனாலும் கோணம் பெரிதாக மாறுவதில்லை. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ!

கல்லில் கத்தி போகும்போது வாய் முன்னே போக வேண்டும், கல்லிலிருந்து மெல்லிய ஏடு ஒன்றைச் சீவி எடுப்பது போல. ஓரத்துக்கு வந்ததும் முதுகின் மேல் புரட்டித் திருப்ப வேண்டும். வாயின் மேல் புரட்டினால் அன்றைய வேலை அத்தனையும் வீண். கல்லை விடக் கத்தி நீளமாக இருந்தால், குதிப் பக்கம் தொடங்கி நுனிப் பக்கம் முடியும்படி குறுக்காக இழுக்க வேண்டும். அழுத்தம் கூடாது. புதிதாகப் பழகுகிறவர் செய்யும் முதல் பிழையே அழுத்துவதுதான். அழுத்தினால் மெல்லிய வாய் வளைந்து கொடுக்கும், கல் வேறெங்கோ தேய்க்கும்.

குமாஸ்தா முதல் மூன்று வாரமும் அழுத்தினார். சரக்கு மூட்டைக்கு முத்திரை குத்துகிற கை அல்லவா! பெரியவர் அவர் கட்டை விரலுக்கும் கத்திக்கும் இடையில் ஒரு தாள் துண்டைச் செருகி, “இது நழுவணும். நழுவலைன்னா நீங்க அமுக்குதீங்கன்னு அர்த்தம்” என்றார்.

கல்லிலும் பாடம் உண்டு. பெரியவரின் பழைய கல் நடுவில் தோணி போலக் குழிந்திருந்தது. குழிந்த கல்லில் தட்டையான கத்தி எப்படிப் படியும்? கண்ணாடிப் பலகையின் மேல் நனைத்த உப்புத்தாளை வைத்து அதில் கல்லைத் தேய்த்தார்கள். தேய்க்குமுன் கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டது குமாஸ்தாவின் யோசனை. கோடு முழுதும் அழிந்தால் கல் சமமாகி விட்டது என்று அறியலாம். பெரியவர் இந்தத் தந்திரத்தை அறிந்ததில்லையாம். “பேனா பிடிச்ச புத்தி” என்று சிரித்தார். அடுத்த வாரம் குமாஸ்தா அலுவலக மார்க்கர் பேனாவைக் கொண்டு வந்து கத்தி வாயில் மை பூசினார். இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தால், மை அழிந்த இடத்தில் கல் படுகிறது, அழியாத இடத்தில் படவில்லை. நுனியில் அரை அங்குலம் மை அப்படியே இருந்தது. மூன்று வாரமாக நுனி கல்லையே தொடவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

இப்போது செயற்கைக் கற்கள் எண் போட்டுக் கிடைக்கின்றன. எண் கூடக் கூடக் கல் நைஸ். துருவும் பல்லும் போக 1000, பிறகு 4000, முடிவில் 8000. முதல் கல்லில்தான் உண்மையான வேலை. அதில் இரு பக்கத்துச் சரிவும் நுனி முதல் குதி வரை சந்திக்காமல் அடுத்த கல்லுக்குப் போனால், மொண்ணைக் கத்திக்கு மெருகு ஏற்றியதாகத்தான் முடியும். சந்தித்தது எப்படித் தெரியும்? கல்லில் தண்ணீர் விட்டு இழுக்கும்போது, வாய்க்கு முன்னால் தண்ணீர் ஓர் அலையாக எழுந்து, கத்தியின் மேல் ஏறி ஓடும். அடியில் நுழைந்து ஓடினால் இன்னும் வேலை பாக்கி.

கல்லுக்குப் பின் தோல் வார். இங்கே எல்லாம் தலைகீழ். முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வர வேண்டும். வார் தொய்யக் கூடாது. தொய்ந்தால் வாய் உருண்டு விடும். தினம் சவரத்துக்கு முன் ஐம்பது தடவை. குமாஸ்தா முதல் நாளே கல்லின் ஞாபகத்தில் வாயை முன்னே தள்ளி, பெரியவரின் இருபது வருஷத்து வாரில் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டு விட்டார். பெரியவர் அதற்குக் கோபிக்கவில்லை. வெட்டின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மாட்டி வைத்தார். இன்றும் அந்தத் தழும்போடு சுவரில் தொங்குகிறது.

உருக்கும் பாரடேயும்

செப்பீல்டு கத்தி என்றதும் ஏதோ அன்னியப் பொருள் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று பெயரிட்டு வியந்த எஃகு தென்னிந்தியாவில் மண் மூசைகளில் உருக்கி எடுக்கப்பட்டது. அப்பெயரே கன்னடத்து ‘உக்கு’, தமிழ் ‘உருக்கு’ ஆகிய சொற்களின் திரிபு என்பர். கொங்கு நாட்டுக் கொடுமணலில் இரும்பும் எஃகும் செய்த உலைகளின் தடயங்கள் அகழ்வில் கிடைத்துள்ளன.

மின்சாரத்தால் புகழ் பெற்ற மைக்கேல் பாரடே, அதற்கு முன் இந்த வூட்ஸ் எஃகில்தான் மூழ்கியிருந்தார். லண்டனில் அறுவைக் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்பவருடன் சேர்ந்து, இந்திய எஃகின் ரகசியம் என்ன என்று 1819 முதல் சில ஆண்டுகள் ஆராய்ந்தார். வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் எனப் பலவற்றைச் சிறிது சிறிதாக எஃகில் கலந்து பார்த்தார். அந்த உலோகத்தில் சவரக் கத்திகள் செய்வித்து நண்பர்களுக்குப் பரிசளித்தார். பாரடே ஒரு கொல்லரின் மகன் என்பதும் இங்கே குறிப்பிடத் தக்கது. இதைக் கேட்ட குமாஸ்தா, “அப்ப அவரும் அப்பா தொழிலைத் தொட்டுப் பார்த்தவர்தான்” என்றார்.

கத்தி மழுங்குவதிலும் இப்போது ஒரு புதுச் செய்தி உண்டு. எஃகை விட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையான மயிர், எஃகை எப்படி மழுக்குகிறது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2020-இல் ‘சயன்ஸ்’ இதழில் விடை எழுதினர். மயிர் நேராக நின்றால் கத்திக்குத் தீங்கில்லை. வளைந்து கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளும்போது, எஃகின் கட்டமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் வாய் துணுக்காகப் பெயர்கிறது. பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “அதுக்குத்தான வெந்நீர் வச்சு, நல்லா நுரை போட்டு, முடிய ஊற வைக்கது” என்றார்.

கத்தி மறைந்த கதை

மேல் நாடுகளில் இந்தக் கத்தியை வீழ்த்தியவர் அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட். 1901-இல் கம்பெனி தொடங்கினார். 1903-இல் விற்றவை 51 ரேசர்களே. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசர் வாங்கியதும், ஊர் திரும்பிய அத்தனை பேரும் வீட்டிலேயே சவரம் செய்து கொள்ளத் தொடங்கி விட்டனர்.

நம் நாட்டுச் சலூன்களில் பழைய கத்தி அதற்குப் பின்னும் வெகு காலம் ஆண்டது. அதை நிறுத்தியது வேறொன்று. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்தனர். 1992-இல் இதே புனேயின் போசரியில் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஒருவர் முகத்தில் பட்ட கத்தி இன்னொருவர் முகத்தில் படக்கூடாது என்ற பயம் ஜனங்களிடையே பரவியது. எச்.ஐ.வி.யை விட மஞ்சள் காமாலைக் கிருமிகள் இவ்வழியில் பரவ வாய்ப்பு அதிகம் என்பதையும் வைத்தியர்கள் சொன்னார்கள். சலூன்களில் ஆளுக்கொரு புது பிளேடு என்ற வழக்கம் வந்தது.

பெரியவரும் அப்போதுதான் தம் ஆறு கத்திகளைத் துணியில் சுற்றி வைத்தார். “வருத்தம்தான். ஆனா அது நியாயம்” என்கிறார். இன்றும் வாடிக்கையாளர் யாராவது ஆசைப்பட்டுக் கேட்டாலும் பழைய கத்தியை எடுப்பதில்லை. தன் முகத்துக்குத் தன் கத்தி என்று ஒருவரே வைத்துக் கொள்வதானால் மட்டும் சம்மதம். அதையும் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, மடக்கி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரத்தோடு மடக்கினால் ஒரே இரவில் துரு ஏறும்.

பலூனும் கன்னமும்

கத்தி தயாரானது ஆவணி முதல் வாரத்தில். தலைமயிர் ஒன்றைத் தொங்க விட்டு வாயில் தொட்டதும் அறுந்து விழுந்தது. உடனே முகத்தில் வைக்க விடவில்லை பெரியவர். பலூன் ஊதி, நுரை பூசி, அதை மழிக்கச் சொன்னார். முதல் மாலையில் நாலு பலூன் வெடித்தது. பக்கத்துக் கடைப் பையன்கள் ஷட்டருக்கு அடியில் எட்டிப் பார்க்கத் தொடங்கினர். ஏழாவது பலூன் முழுசாக வெளியே போய் அந்தப் பையன்களுக்கே விளையாட்டுப் பொருளாயிற்று.

பிறகு முகம். முதல் நாள் வலக் கன்னம் மட்டும். கத்தியை முகத்தோடு சுமார் 30 டிகிரி சாய்த்து, மறு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மயிர் சாய்ந்த திசையிலேயே அங்குலம் அங்குலமாக. பக்கவாட்டில் ஒரு நூலிழை அசைந்தாலும் வெட்டு. மோவாயும் மேலுதடும் கடைசிப் பாடம். இடக் கன்னத்தை இடக் கையால் மழிக்கப் பழகுவதற்கு இரண்டு வாரம் பிடித்தது. வெட்டுக்குப் படிகாரம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தாடையில் சிவந்த கோட்டோடு கிடங்குக்குப் போனார் குமாஸ்தா. தேநீர் நேரத்தில் மராத்திய நண்பர் ஒருவர், எந்த நாவிதர் இப்படி வெட்டினார் என்று கேலி செய்தார். “நான்தான். எங்க அப்பா வஸ்தரா. அப்பா நாவிதர்” என்று சொல்லி விட்டு, குமாஸ்தா தேநீரைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

மேஜையைச் சுற்றி ஒரு கணம் அமைதி. ஒருவர் முகம் சற்று மாறியது என்றும், பிறகு சில நாள் அவர் பேச்சுக் குறைந்தது என்றும் குமாஸ்தா மறைக்காமல் சொல்கிறார். கேலி செய்த நண்பரோ, தம் பாட்டி வீட்டில் சேனா நாவியின் அபங்கம் பாடாத ஏகாதசியே இல்லை என்றார். சேனா, நாவிதராகப் பிறந்து வார்க்கரி அடியார் வரிசையில் இடம் பெற்றவர். அவர் பெயரால் ஒரு பாடல் சீக்கியரின் குரு கிரந்த சாகிபிலும் உண்டு.

இந்தப் புனே மண்ணின் இன்னொரு கதையும் அன்று பேச்சில் வந்தது. விதவைகளின் தலையை மழிக்கும் வழக்கம் மேல் சாதியாரிடையே இருந்த காலம். இங்கே 1873-இல் சத்திய சோதக சமாஜம் நிறுவிய ஜோதிராவ் புலே அதை எதிர்த்தார். அவருடைய தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே 1890-இல் பம்பாயில் நாவிதர்களைக் கூட்டினார். எங்கள் கத்தியை இனி விதவையின் தலையில் வைக்க மாட்டோம் என்று அவர்கள் முடிவு செய்தனர். கூலியை இழந்தாலும் சரி என்று ஏழைத் தொழிலாளர் எடுத்த முடிவு அது. அதே ஆண்டில்தான் மில் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அதற்குப் போராடியவரும் லோகண்டேதான். ஞாயிறன்று காலாட்டிக் கொண்டு பத்திரிகை படிக்கும் நம்மில் எத்தனை பேர் அவர் பெயரை அறிவோம்?

பெரியவரிடம் மாலையில் இதைச் சொன்னபோது, அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “அந்த மாசம் அவங்க வீட்ல அடுப்பு எரிஞ்சுதா?”

புரட்டாசியில் தந்தையின் தலைத் திவசம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாயிற்று. விமான நிலையத்துக்கு அடுத்த தெருவில் இருந்தாலும் ரயில்தான். ஒன்று கட்டணம், இரண்டு இந்தக் கத்தியை விமானத்தில் கையோடு கொண்டு போக விட மாட்டார்கள். பெட்டியில் போட்டு அனுப்ப அவருக்கு மனமில்லை. திவசத்தன்று காலையில் திண்ணையில் உட்கார்ந்து தாமே சவரம் செய்து கொள்ள உத்தேசம். தாயார் என்ன சொல்வாரோ என்ற கலக்கம் உண்டு.

விமானம் போய்ச் சத்தம் அடங்கி விட்டது. குமாஸ்தா கத்தியைக் கல்லிலிருந்து எடுத்து, துடைத்து, முதுகுப் பக்கமாகப் பெரியவரிடம் நீட்டுகிறார். பெரியவர் பெருவிரலை நனைத்து வாயில் லேசாக வைத்துப் பார்க்கிறார்.

“நுனியில இன்னும் பத்து இழுப்பு போடுலே” என்கிறார்.

“சரி பெரியப்பா.”